இரவல் கதிரையில் உட்கார்ந்த மாத்தியா

போன மாதம் ஒரு காலையில் பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து சுண்ணாம்பு வாசம் வந்தது. எட்டிப் பார்த்தால் கோமதி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறாள். சுண்ணாம்பு மட்டையைப் பிடுங்கி எறிந்தேன்.

“கிறுக்கா புடிச்சிருக்கு? நாளைக்கு நிவாரணத்துக்கு வீடு பாக்க வர்றாங்க, இன்னைக்கு வெள்ளையடிக்கிற?”

“பின்ன என்னக்கா, வர்ற மனுசன் முன்னாடி நாறிப்போயா நிக்கச் சொல்றீங்க?”

அச்சு அசல் உன் பேச்சு. நீயும் அன்றைக்கு இப்படித்தான் நினைத்தாய், புள்ள.

தேயிலைக் கொழுந்துக் கூடையோடு சறுக்கி விழுந்து உன் இடுப்பு போனது. அதோடு வேலையும் போனது. கொழும்புக்குப் போன உன் புருசன் திரும்பிப் பார்க்கவில்லை. அரசாங்க நிவாரணத்துக்கு எழுதிப்போட்டாய். வீடு பார்க்க நிவாரண ஆபீஸ் மாத்தியா வருகிறார் என்றதும் என்ன செய்தாய்? நம் தோட்டத்து லய வீடுகளில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தாய். பெண் பார்க்க வந்தாலும் சரி, பெரிய மனிதர் வந்தாலும் சரி, கதிரை ஒரு வீட்டிலிருந்து, கோப்பை ஒரு வீட்டிலிருந்து, திரைச்சீலை இன்னொரு வீட்டிலிருந்து வரும். கங்காணி வீட்டுக் குஷன் கதிரை இரண்டும் அன்று உன் காம்பராவில் இருந்தன. நான் அப்போது கண்டியில் புடவைக் கடையில் வேலைக்கு நின்றேன். போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னாய்.

“மாத்தியா சாஞ்சு உக்காந்து டீ குடிச்சாருடி. பிஸ்கட்டும் சாப்பிட்டாரு. கெடச்ச மாதிரிதான்!”

பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, வசதியான வீடு என்று எழுதிப் போனான் பாவி. ஞாயம் கேட்கத் தெல்தெனிய ஆபீசுக்கு பஸ் ஏறினாய்.

“குஷன் கதிரை எல்லாம் இருக்கிதானே?” என்றானாம்.

“அது இரவல் மாத்தியா.”

“அப்ப டீயும் இரவலோ?”

பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்களாம். தேயிலைத்தூளும் சீனியும் இரவல்தான் என்று அங்கே சொல்ல உனக்கு வாய் வரவில்லை. அவன் தமிழ் நன்றாகப் பேசுகிறவன். பாஷை புரியவில்லை என்றுகூடச் சாக்குச் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு நீ சிரித்து நான் கேட்கவில்லை. உன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவில்லை. இடுப்புக்கு மருந்து எடுப்பதையும் நிறுத்திவிட்டாய். ஒருநாள் உன்னை நீயே முடித்துக்கொண்டாய்.

மனசில் பெலன் இல்லாதவள் என்று ஊர் சொன்னது. வாயில் வந்ததைப் பேசட்டும். உன் மனதில் வேறென்ன இருந்ததோ, எனக்குத் தெரியாது. ஆனால் அடுப்பு எரிந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய், நீ வலியில்லாமல் படுத்து எழுந்திருந்தால், இன்றைக்கும் என்னைத் திட்டிக்கொண்டு இருந்திருப்பாய். சாவு வீட்டுக்கு அவனும் வந்தான். “ஐயோ பாவம், இவ்வளவு கஷ்டம்னு சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே” என்றான். அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். பெண்கள் என்னை இழுத்துப் போனார்கள்.

நான் லயத்துக்கே திரும்பி வந்துவிட்டேன். கோமதியும், “இருந்து என்னக்கா செய்யப் போறேன்” என்று சொல்லத் தொடங்கியபோது அவளைத் தனியே விடவில்லை. லயத்துப் பெண்கள் ஆளுக்கொரு வேளை சோறு கொண்டுபோனோம். கிளினிக்குக்கு நானே கூட்டிப்போனேன். அதே மாத்தியா வந்த அன்று அவள் காம்பராவில் ஒரு முக்காலிகூட இல்லாமல் வெளியே எடுத்துப் போட்டேன்.

“உக்கார ஒண்ணும் இல்லையா?”

“இல்ல. நின்னுக்கிட்டே பாருங்க. கூரையப் பாருங்க. அந்தச் சட்டியத் தொறந்து பாருங்க.”

திறந்தான். காலியாக இருந்தது.

“நீங்க யாரு?”

“நீங்க பிஸ்கட் சாப்பிட்டுட்டுப் போனீங்களே, அவளோட கூட்டாளி.”

அவன் முகம் செத்துப்போனது. எழுதியதை வாசித்துக்காட்டாமல் வாசலைத் தாண்டவிடவில்லை. அதைப் பார்க்க நீ இருந்திருக்க வேண்டும்.

கோமதிக்கு இந்தக் கிழமை நிவாரணம் கிடைத்துவிட்டது. பள்ளிக்கூடம் போட்டுப்போக மகனுக்குச் சப்பாத்து வாங்கிவந்து காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வெறிதான் வந்தது. இவ்வளவு லேசான காரியமா? இதைச் செய்யாமலா உன்னைச் சாகவிட்டார்கள்?

இந்த ஆத்திரம் ஆறவேண்டாம், புள்ள. ஹுன்னஸ்கிரியத் தோட்டத்து மேல்கணக்கு லயத்தில் ஒருத்தி இரண்டு நாளாக அடுப்பு மூட்டவில்லையாம், யாரோடும் பேசுவதில்லையாம். அரிசி கட்டி வைத்திருக்கிறேன். விடிந்ததும் போகிறேன்.