பதினேழாம் எண்ணைத் தாண்டும் வரி

அன்புள்ள ஒக்பின்,

எங்கே இருந்தாலும் குளிர் படாத இடத்தில் இரு. நான் நலம். தூக்கம்தான் இல்லை. போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வழக்கம்போல் ஒன்பது மணிக்கே விடுதியில் போன்களை வாங்கி வைத்துவிட்டார்கள். பகலில் எத்தனை முறை அழைத்தாலும் உன் போன் அணைந்தே கிடக்கிறது.

போட்டிப் பயிற்சி முடியும்வரை யாருக்கும் விடுப்பு கிடையாது என்றதும், "மோக்போ போய் அம்மாவப் பாத்துட்டு ஞாயித்துக்கிழமை வந்துர்றேன்டி, ஒரே ஒரு ராத்திரி" என்று கெஞ்சினாய். விடுதியின் வருகைப்பதிவு புரோகிராமை எழுதியவள் நான்தானே. ஒன்றிலிருந்து அறுபது வரை ஒவ்வொரு எண்ணாக எடுத்து, அட்டை தேய்க்காதவளின் பெயரைத் திரையில் காட்டும் லூப் அது. அதற்குள், பதினேழு வந்தால் 'கன்டினியூ' என்று ஒரு வரி சேர்த்தேன். உன் எண்ணுக்கு மட்டும் சோதனை எதுவும் நடக்காது. நேரே பதினெட்டுக்குப் போய்விடும்.

இன்று புதன். நீ போய் இது ஐந்தாவது ராத்திரி. திரையில் ஒரு பெயரும் வருவதில்லை. காப்பாளர் பே டீச்சர் இன்றும் சிரித்தார்: "அறுபது கழுதைங்களும் கொட்டில்ல இருக்கு. தாஹே, உன் புரோகிராம் வந்தப்புறம்தான்டி நான் நிம்மதியாத் தூங்குறேன்." வகுப்பில் கேட்டால், உனக்குக் காய்ச்சல், அறையில் படுத்திருக்கிறாய் என்கிறேன். சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டது.

சாயங்காலம் உன் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. உன் அம்மா நேற்று அனுப்பியது. வறுத்த கடல்பாசி, கம்பளிக் காலுறை, கூடவே ஒரு சீட்டு: "போனே எடுக்கல, பயிற்சியில இருப்பேன்னு விட்டுட்டேன். முடிஞ்சதும் கூப்பிடு கண்ணு. தாஹேவுக்கும் பாசி குடு."

அப்படியானால் நீ மோக்போவுக்குப் போகவே இல்லை.

வீட்டில் நீ பள்ளியில் இருப்பதாக நினைக்கிறார்கள். பள்ளியில் நீ அறையில் இருப்பதாக நினைக்கிறார்கள். உன்னைக் காணவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

காலையில் கணினி அறை திறந்ததும் அந்த வரியை அழித்துவிடலாம், நாளை ராத்திரி உன் பெயர் தானாகத் திரையில் வரட்டும், நான் செய்தது யாருக்கும் தெரியாது என்று நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் நாளை ராத்திரிக்கு இன்னும் ஒரு முழு நாள் இருக்கிறது. வெளியே பனி கொட்டுகிறது. உன் கனத்த கோட்டு இங்கே ஆணியில் தொங்குகிறது.

பே டீச்சரை இப்போதே எழுப்பப் போகிறேன். நம் இருவரையும் பள்ளியை விட்டு அனுப்பினாலும் அனுப்பட்டும். இந்தக் கடிதத்தை உன் தலையணைக்கடியில் வைக்கிறேன். பாசிப் பொட்டலத்தை நான் பிரிக்கவில்லை.

காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று என்னோடு சண்டை போடு. ஒரு வருஷம் பேசாமல்கூட இரு. அதற்காகவாவது வந்துவிடு.

உன் அறைத்தோழி,
தாஹே