உறவுமுறை: ஊர்க்காரர்

ஜேடர்பாளையம்,
கார்த்திகை 14.

அன்புள்ள மோகன்குமாருக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் நலம். ராய்ப்பூரில் குளிர் அதிகம் என்று டிவியில் சொன்னார்கள். காதை மூடிக்கொண்டு படு.

இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்ததுமே, "சரிங்கம்மா, வண்டி ஓடுது, அப்புறம் கூப்புடறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் ஆழ்துளைக் கிணறு போடும் உன் போர் வண்டிக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு வரும் டிரைவர் இளஞ்செழியனிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை. அவன் படித்தாலும் படிக்கட்டும்.

உன் நிச்சயத்தன்று தனப்பிரியாவின் பெரியப்பா, இணைச்சீருக்கு யார் உட்காரப் போகிறார்கள் என்று கேட்டார். நம் பக்கம் மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவள்தான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சீரைச் செய்ய வேண்டும். கூடப் பிறந்தவள் யாரும் இல்லை, சித்தப்பா மகள் உட்காருவாள் என்று நான் வாய் கூசாமல் சொன்னேன். நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரமே ஆட்டையாம்பட்டி தாண்டி இருக்கும் ஆதரவற்றோர் இல்லத்துக்குப் போய் உன் அக்கா மைதிலியைப் பார்த்தேன். அங்கே நாற்பது வருடமாகச் சமைக்கும் ராமாயி, இல்லத்தை மூடப் போகிறார்கள் என்றாள். குடும்பம் இருப்பவர்கள் குடும்பத்தோடு போக வேண்டுமாம். யாரும் இல்லாதவர்களைக் கடலோரத்தில் ஏதோ ஒரு மாவட்டத்துக்கு அனுப்புவார்களாம்.

அந்த இடத்தின் கதையே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். காலராவில் தாய் தகப்பனை இழந்த குழந்தைகளுக்காக முதலில் ஓலைக் கொட்டகை போட்டார்களாம். பிறகு பஸ் ஸ்டாண்டில் விட்டுப் போன குழந்தைகள் வந்தார்கள். அதற்கும் பிறகு மைதிலியைப் போல் புத்தி வளராத பிள்ளைகள். அவர்களில் பாதிப் பேருக்குத் தாய் தகப்பன் உயிரோடு இருந்தார்கள். நான் அவளை விட்டபோது ஒரே கூடம், அறுபது பாய், எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை, பேனுக்குப் பயந்து எல்லோருக்கும் மொட்டை. மொட்டைத் தலையோடு அவளைப் பார்க்க மனசு வரவில்லை என்று மூன்று வருடம் போகாமலேயே இருந்தேன். அது பொய். யாராவது என்னைப் பார்த்துவிடுவார்களோ என்று பயந்தேன், அவ்வளவுதான். இப்போது கூடத்தைத் தடுத்து ஆறு பேருக்கு ஓர் அடுப்பு கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கு முப்பத்து நான்கு வயது. பின்னல் போட்டிருக்கிறாள். அவரைக்காய் நறுக்குகிறாள்.

நான் கூட்டிப்போகிறேன் என்று அலுவலகத்தில் சொன்னேன். பழைய பதிவேட்டை எடுத்துக் காட்டினார்கள். பெயர் ஆத்தாயி, அன்று நான் சொன்ன பொய்ப் பெயர். பெற்றோர் தெரியவில்லை. கொண்டுவந்து விட்டவரின் உறவுமுறை, ஊர்க்காரர். அதற்குக் கீழே என் கையெழுத்து. அப்பாவின் யோசனைதான், ஆனால் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதற்காக எல்லாவற்றையும் அவர் தலையில் கட்ட மாட்டேன். அப்போது நீ வயிற்றில் ஐந்து மாதம். மூத்தது இப்படி என்று தெரிந்தால் அடுத்ததற்குச் சம்பந்தம் அமையாது என்று பேசிக்கொண்டோம். பிறக்காத பிள்ளையின் கல்யாணத்துக்காகப் பிறந்த பிள்ளையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன் சாமி.

கிளம்பும்போது அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "ஊர்க்காரம்மா, எங்கம்மா உங்க ஊர்லதான இருக்கறாங்க? ஒருக்கா வரச் சொல்லுங்க" என்றாள். நான்தான் உன் அம்மா என்றேன். சிரித்தாள். "இல்லீங்க, நீங்க ஊர்க்காரம்மா" என்று சொல்லிவிட்டு அவரைக்காய் நறுக்கப் போய்விட்டாள்.

ரத்தப் பரிசோதனை செய்தால் நான் தாய் என்று நிரூபித்துவிடலாமாம். ஆனால் எனக்கு அறுபத்திரண்டு வயதாகிறது. எனக்குப் பிறகு அவளைப் பார்த்துக்கொள்வேன் என்று கூடப் பிறந்தவன் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் விடுவார்கள். மார்கழிக் கடைசி வரை தவணை. அதற்குள் நீ வராவிட்டால் மற்றவர்களோடு அவளையும் வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

தனப்பிரியா வீட்டில் நானே போய்ச் சொல்லிவிட்டேன். உனக்குக் கோபம் வரும், வரட்டும். அவள் அப்பா காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கலந்து பேசிச் சொல்கிறோம் என்றார். இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது, பதில் இல்லை. தை மாதக் கல்யாணம் நின்று போனால் அது நான் செய்த தப்பு. உன் அக்கா மேல் அதைப் போடாதே.

நீ பன்னிரண்டாவது முடித்ததும், உனக்கு ஓர் அக்கா இருக்கிறாள் என்று சொல்லி அங்கே கூட்டிப்போனேன். நீ காரை விட்டு இறங்கவில்லை. உன்னைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. உன்னை அப்படி வளர்த்தவளே நான்தான். இந்தத் தடவை இறங்கு சாமி. இணைச்சீரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கையெழுத்துப் போட மனசில்லாவிட்டாலும் வா. உள்ளே போய் அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார். முடியாது என்றால் அதற்குப் பிறகு சொல்.

குலசாமி உனக்குத் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் இருவரையும் பெற்றவள்,
வசந்தாமணி.