புதன்கிழமை விமானம்

ஜூன் 2

என் தங்க மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானே எழுதுகிறேன்! முதியோர் வகுப்பில் சேர்ந்து எட்டு மாதமாகிறது. இந்த ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் பிடித்தது. உன் பழைய கடிதங்களையும் நானே படித்தேன். பக்கத்து வீட்டம்மா சுருக்கிப் படிக்கிறாள் என்று இத்தனை வருடம் சந்தேகப்பட்டேன். பாவம், கடிதமே மூன்று வரிதான்.

நான் கிடங்கில் மூட்டை தூக்கினேன், நீ சரக்கு விமானம் ஓட்டுகிறாய். ஒரே தொழில்தான், நீ கொஞ்சம் உயரத் தூக்குகிறாய். ஆகாயத்தில் வழி தவறிவிடாதா?

இருபத்தைந்தாம் தேதி, புதன்கிழமை, வகுப்பு விழாவில் ஒரு பக்கம் வாசிக்கிறேன். முன்வரிசையில் உனக்கு நாற்காலி சொல்லிவிட்டேன். உன்னைப் பார்த்து ஆறு வருடமாயிற்று.

கீழே இருப்பது என் கையெழுத்தேதான்.

அப்பா

*

ஜூன் 9

அப்பாவுக்கு,

எழுதக் கற்றது நல்லது. வழி தவறாது. எங்கே இருக்கிறோம், என்ன உயரம், என்ன வேகம் என்று விமானத்தின் கருவியே தரையிலுள்ள கட்டுப்பாட்டு மையத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். நடுக்கடலில் செயற்கைக்கோள் வழியாகச் சில நிமிடத்துக்கு ஒரு முறை போகும். விமானி வாயே திறக்க வேண்டாம்.

விழாவுக்கு வர முடியாது. மூன்று வருடமாக எனக்கு 417ஆம் எண் விமானம். அது உங்கள் ஊர்ப் பக்கமே வராது.

மகன்

*

ஜூன் 14

என் தங்கமே,

மூன்று வரிக்கு மேலே எழுதிவிட்டாய்! வகுப்பில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். "ஐயா, அந்தக் கருவி சொல்றது நம்ம போன்லயும் தெரியும்" என்று டீச்சர் திறந்து காட்டினார். குட்டி விமானம், பக்கத்தில் எண். நாலு, ஒண்ணு, ஏழு! விரல் வைத்து நானே படித்தேன். "நகருது, நகருது!" என்று வகுப்பே கத்தியது.

இன்னும் கேள். புதன்தோறும் காலை பதினொரு மணிக்கு உன் 417 நம் ஊரில்தான் இறங்குகிறது! வியாழன்தான் கிளம்புகிறது. "உங்க புள்ள கண்ண மூடிக்கிட்டா ஓட்டுறாரு?" என்று தையற்கார அம்மா கேட்க, ஒரே சிரிப்பு. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. வேலை மும்முரத்தில் நீ கவனிக்கவில்லை போல.

விழாவும் புதன்தான்! விமான நிலைய வாசலில் நீலச் சட்டையில் நிற்பேன்.

அப்பா

*

ஜூன் 19

அப்பாவுக்கு,

தெரியும். மூன்று வருடமாகத் தெரியும்.

உங்களுக்குச் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டேன். என் மனைவியின் வீடு உங்கள் ஊரில்தான். அப்பா இறந்துவிட்டார் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். குழந்தைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். மூட்டை தூக்குகிறவர், கைநாட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது நான்கு எழுத்து கற்றதால் எதுவும் மாறிவிடாது.

வாசலில் நிற்க வேண்டாம். எந்தச் சட்டையிலும்.

*

ஜூன் 26

அன்புள்ள மகனுக்கு,

எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன், தப்பாகப் படித்துவிட்டேனோ என்று மூன்று முறை படித்தேன். சரியாகத்தான் படித்திருக்கிறேன். நல்லவேளை, பக்கத்து வீட்டம்மாவிடம் கொடுக்கவில்லை.

நேற்று மேடையில் தடுமாறாமல் வாசித்தேன். உன் நாற்காலியில் தையற்கார அம்மாவின் பை இருந்தது. "புள்ள வரலியா?" என்றார். "இந்த வாரம் விமானம் வேற பக்கம் போயிருச்சு" என்றேன். டீச்சர் போனை எடுத்தார். வேண்டாமென்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

குழந்தை ஆணா பெண்ணா என்று நீ எழுதவில்லை. பரவாயில்லை, பதில் போடாதே. செத்தவன் பெயருக்குத் தபால் வந்தால் நன்றாக இருக்காது. நானும் கீழே கையெழுத்துப் போடவில்லை.