சாமி காரியம் செய்த கை

அபிராமபுரம்,
சென்னை - 18.
புதன் இரவு.

அன்புள்ள விஜி அக்காவுக்கு,

மஹதி எழுதுகிறேன். நீயும் அத்திம்பேரும் அமெரிக்காவில் சௌக்கியமாக இருப்பீர்கள். இந்தக் கடிதத்தைப் பற்றி அப்பாவிடம் மூச்சு விடாதே. குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். கை நடுங்குவதால் எழுத்து கோணலாக இருக்கும்.

நீ அனுப்பிய, ரத்தத்தில் சர்க்கரை பார்க்கிற மெஷின் நன்றாக இருக்கிறது, என்னைவிட நன்றாக. அப்பா அதை வெள்ளிப் பாத்திரங்களோடு பீரோவில் வைத்துப் பூட்டுகிறார். கொலு பார்க்க வருகிற மாதிரி அதைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். ஸ்ட்ரிப் வீணாகிவிடும் என்பதால் யாருக்கும் ஊசி குத்திப் பார்ப்பதில்லை, தரிசனம் மட்டும்தான். எதிர்வீட்டு சுப்பராமன் மாமா அதைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாததுதான் பாக்கி.

என் விரலுக்கு மட்டும் தினம் பூஜை உண்டு. சாயங்காலம் விளக்கேற்றியதும் நான்தான் நைவேத்தியத்துக்கு வெல்லம் உடைத்து, வாழைப்பழத்தை உரித்து வைக்கிறேன். கற்பூரம் காட்டி முடித்த கையோடு அப்பா பீரோவைத் திறப்பார். சாமி காரியம் செய்த கை சுத்தம்தானே என்று பஞ்சால்கூடத் துடைக்காமல் குத்துவார். முந்நூறுக்குமேல் காட்டும். உடனே இன்சுலினை ஏற்றுவார். ஏற்றி ஏற்றி, டாக்டர் முதலில் எழுதிக்கொடுத்ததைப்போல் இரண்டு மடங்கு ஆகிவிட்டது. டாக்டரும் அப்பா கொண்டுபோகும் எண்களைப் பார்த்துத் தலையாட்டுகிறாரே தவிர, என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நான் திருட்டுத்தனமாக ஸ்வீட் தின்கிறேனாம். லஸ்ஸில் ஒரு லேபில் ரத்தம் கொடுத்துப் பார்த்தபோது சர்க்கரை குறைவாகத்தான் இருந்தது. அப்பா அந்தக் காகிதத்தைக் கிழித்தார். அவன் உள்ளூர்க்காரன், ஏதோ ஒன்றை எழுதிக் கொடுப்பான் என்றார். சுப்பராமன் மாமா அதற்கு, "மெஷினுக்கு நாக்கு கெடையாது ஓய், அது எதுக்குப் பொய் சொல்லணும்? கொழந்தைக்குத்தான் நாக்கு நாலு மொழம்" என்றார். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் கூடத்தில் உட்கார்ந்து சொன்னார். அப்பா சிரித்தார். அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள்.

ஒரு விஷயம் சொல்கிறேன், சிரிக்காதே. நான் தூரமாகிப் பின் அறையில் இருக்கிற மூன்று நாளும் மெஷின் சரியாகக் காட்டுகிறது. ஊசிக்குத் தீட்டு பார்க்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டு குத்திவிட்டு நேரே குளிக்கப் போவார். குளித்துவிட்டு வந்து அம்மாவிடம், "பாத்தியா, சமையல் உள்ளுக்குள்ள போக முடியலேன்னா சுகர் தானா எறங்கறது. இதைவிட என்ன சாட்சி வேணும்?" என்பார். அந்த மூன்று நாளும் நான் பழம் உரிப்பதில்லை, வெல்லத்தைத் தொடுவதில்லை என்பது நேற்றுதான் உறைத்தது. வெல்லம் ஒட்டிய விரலிலிருந்து வருகிற ரத்தம் வெல்லமாகத்தான் இருக்கும். இது எனக்குப் புரிய எட்டாம் வகுப்பு போதும். ஆடிட் ஆபீசில் முப்பது வருஷம் கூட்டிக் கழித்தவருக்குப் புரியாது.

இன்று நைவேத்தியம் வைத்ததும் கொல்லைக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு விரலை நீட்டினேன். எழுபத்தெட்டு காட்டியது. ஏன் என்று அப்பாவிடம் சொன்னேன். சாமிக்கு வைத்ததை அழுக்கு என்று கழுவினாயா என்று கேட்டார். பிறகு எண்ணை மறுபடி பார்த்து, முகம் மலர்ந்து, "இப்பத்தான் டோஸ் சரியாயிருக்கு. இனிமே இதேதான், ஒரு பொட்டு கொறைக்கப்படாது" என்றார். அந்த முழு ஊசியையும் போட்டார். எழுபத்தெட்டு இருந்தவளுக்கு, அக்கா.

போன வாரம் ஒரு விடியற்காலையில் வேர்த்துக் கொட்டி, பாய் தொப்பலாக நனையக் கிடந்தேனாம். உன் பேர் என்னடி என்று அம்மா கேட்டிருக்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லையாம். அன்றிலிருந்து ஜியாமெட்ரி பாக்ஸில் சர்க்கரை ஒளித்து வைத்திருக்கிறேன். சர்க்கரை ரொம்ப இறங்கி உடம்பு உதறினால் வாயில் போட்டுக்கொள்கிறேன். அப்பா கண்ணில் பட்டால் தீர்ந்தது, திருட்டுக்கு அத்தாட்சி. ஆனால் எவ்வளவு எடுத்தாலும் அது குறையவே இல்லை. அம்மா நிரப்புகிறாள். என்னிடமும் சொல்லவில்லை, அப்பாவிடமும் வாய் திறக்கவில்லை. அம்மாவின் தைரியம் ஒரு காம்பஸ் டப்பா அளவு.

இப்போதும் அந்தச் சர்க்கரையைத் தின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

நீ அப்பாவுக்கு இதைப் பற்றி எதுவும் எழுதாதே. உன் பேச்சும் என் பேச்சு மாதிரிதான், பெண்பிள்ளைப் பேச்சு. அத்திம்பேரைப் பேசச் சொல். அவர் கம்ப்யூட்டர்காரர், சர்க்கரை பற்றி ஒன்றும் தெரியாது, பரவாயில்லை, மாப்பிள்ளை. அமெரிக்காவில் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் பார்க்கிறார்கள், கழுவாமல் பார்த்தால் எண் தப்பாக வரும், ஏற்றிய இன்சுலினை உடனே குறைக்க வேண்டும் என்று அவர் சொன்னால் போதும். மறுநாளே அப்பா அதைத் தானே கண்டுபிடித்த மாதிரி சுப்பராமன் மாமாவுக்கு விளக்குவார். விளக்கட்டும்.

கடிதம் வந்து சேரப் பத்து நாளாவது ஆகும். அதற்குமுன் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல நீ போன் செய்வாய். அப்பா பக்கத்திலேயே நிற்பார், நான் எதையும் சொல்ல முடியாது. உனக்கு அப்போது ஒன்றும் தெரிந்திருக்காது. இது கையில் கிடைத்த பிறகு மட்டும் ஞாயிறு வரை காத்திருக்காதே.

போன் செய்ததும் முதலில் என்னைக் கூப்பிடச் சொல். தூங்குகிறாள் என்றால், எழுப்பச் சொல்.

உன் தங்கை,
மஹதி