கடைசியாகப் பேசிய பெரியவர்

பிஷ்கெக்,
மார்ச், ஞாயிறு

அன்புத் தங்கை ஜிபாருக்கு,

நலமாக இருப்பாய் என்று எழுதத்தான் ஆசை. கணவாய்க்கு அப்பால் பனியில் உட்கார்ந்து விசாரணைக்குக் காத்திருப்பவள் எப்படி இருப்பாள் என்பது எனக்குத் தெரியாதா? செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஜெயித்துவிட்டோம். இனி நிதானமாகப் படி.

குழந்தைகளின் நிமோனியாவுக்கான சிகிச்சை நெறிமுறையைத் திருத்தும் குழு வெள்ளிக்கிழமை கூடியது. நிமோனியா என்றால் எந்தக் குழந்தையானாலும் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி போடு என்பது பழைய நெறிமுறை. பாதை அடைத்துக் கிடந்தபோது அந்த மேய்ப்பன் மகனுக்கு நீ வீட்டிலேயே மருந்தை வாய்வழி கொடுத்தாய். தினமும் குதிரையில் போய்ப் பார்த்துத் தேற்றினாய். அவன் இப்போது ஆட்டுக்குட்டி விரட்டுகிறான். டாக்டரான உனக்கு மட்டும், நெறிமுறையை மீறினாய் என்று வேலை போகும் குற்றச்சாட்டு.

வீட்டிலேயே வாய்வழி மருந்து தரலாம் என்ற மாற்றத்தைப் போன திருத்தத்திலேயே நான் குழுவில் கேட்டேன். தலைவர் தொலோமுஷ் ஐயா வழக்கப்படி முதலில் வாய் திறந்தார். "ஊசின்னா ஊசிதான்ப்பா. வாயில ஊத்துறதெல்லாம் சோம்பேறி டாக்டருங்க வேலை." பெரியவர் பேசிய பிறகு நம்மில் யார் மாற்றிப் பேசுவார்கள்? எல்லாக் கைகளும் உயர்ந்தன, என் கையைத் தவிர. அன்று முதல் அவர் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. அவருடைய எழுபதாவது பிறந்தநாள் விருந்தில் குதிரைக்கறி பிரமாதம் என்றார்கள். அதையும் நான் மன்னிக்கவில்லை.

இந்த முறை ஐச்சூரோக் என்றொரு பெண் வந்திருந்தாள். உலகத்து ஆய்வுகளையெல்லாம் திரட்டி, எது உறுதியானது எது நொண்டி என்று தரம் பிரிப்பது அவள் வேலை. அவரவர் சொந்த நலன் எதுவும் இதில் கலந்திருந்தால் முதலில் சொல்ல வேண்டும் என்றாள். உன் விசாரணையைச் சொன்னேன்.

"அப்ப நீங்க ஓட்டுப் போட முடியாது டாக்டர். வெளியில இருங்க."

எனக்குக் கொதித்தது. இத்தனை வருடம் காத்திருந்தவன் நானல்லவா! அவள் அசையவில்லை. "தங்கச்சிக்காக அண்ணன் மாத்திட்டாருன்னு நாளைக்கு எவனாவது கிளப்பினா நெறிமுறையும் போச்சு, தங்கச்சியும் போச்சு. பரவாயில்லையா?"

போய்த் தாழ்வாரத்தில் நின்றேன். உள்ளே ஒரே சிரிப்பு. என்னைப் பார்த்துத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

நடந்ததைப் பிறகு செயலாளர் சொன்னார். யாரும் பேசும் முன்பே இரகசியச் சீட்டு. அப்புறம் இளையவரில் தொடங்கிப் பேச்சு, மூத்தவர் கடைசியில் என்றாளாம் அந்தப் பெண். தொலோமுஷ் ஐயாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என் பேரன்கூட நான் கை வெச்ச பிறகுதான் தட்டுல கை வைப்பான்!"

"சாப்பாட்டுக்கு நீங்கதான் முதல்ல ஐயா. இது சாப்பாடு இல்லியே."

சிரிப்பு அதற்குத்தான்.

சீட்டுகளை விரித்தார்கள். எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை, ஜிபார்! பால் குடிக்காமல் துவண்டு கிடக்கும் குழந்தைக்கு எப்போதும் ஆஸ்பத்திரிதான். அபாய அறிகுறி இல்லாத குழந்தைக்கு வீட்டிலேயே வாய்வழி மருந்து, அடிக்கடி கண்காணிப்பு. நீ செய்த அதே வேலை. எல்லோரும் ஐயாவைத் திரும்பிப் பார்த்தார்களாம்.

"என்னை ஏன்யா பாக்குறீங்க? அந்த ஆய்வெல்லாம் நானும்தான் படிச்சேன். மனசு மாறி வருஷக்கணக்காச்சு. நீங்க எல்லாரும் ஊசி ஊசின்னு நிக்கிறீங்களேன்னு நான் வாயை மூடிட்டு இருந்தேன்!"

அவர் சொன்னதால் இவர்கள். இவர்கள் சொன்னதால் அவர். நடுவில் எத்தனை குழந்தைகளுக்கு ஊசி!

ஐயா வெளியே வந்து என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "உன் ஓட்டு இல்லாமலே ஜெயிச்சாச்சு குபானிச். இனிமே யாரைத் திட்டிட்டுத் தூங்கப் போற?" ஆத்திரப்படத்தான் முயன்றேன். சிரிப்பு வந்துவிட்டது.

அமைச்சகத்தின் கையெழுத்து இன்னும் பாக்கி. அதுவரை சும்மா இருக்க மாட்டாராம். ஆய்வுகளை எடுத்துக்கொண்டு உன் விசாரணைக்குத் தானே வந்து பேசுகிறாராம். பாதை திறந்ததும் ஒரே வண்டியில் வருகிறோம். முன் இருக்கை அவருக்குத்தான். வழி முழுக்கப் பேசுவார். கேட்டுக்கொள்கிறேன்.

அடுப்பில் தேநீர் தயாராக இருக்கட்டும். கெட்டது எதுவும் உன்னை அண்டாதிருக்கட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். மூத்தவரைத்தான் முதலில் வரவேற்க வேண்டும், தெரியும். இந்த ஒரு முறை வரிசையை மாற்றி, முதலில் என்னைக் கட்டிக்கொள்.

உன் அண்ணன்,
குபானிச்