நாலாம் அறைக்குக் காவல்

4 மார்ச் 2019, திங்கள்

புதிதாக ஒரு தன்னார்வலர் வந்திருக்கிறாள். பெயர் ரோசலிண்ட். மார்பில் ஓர் அட்டை: 'கேட்பதற்கு நான் இருக்கிறேன்.' கடைசி நாட்களைக் கழிக்க வருகிறவர்களுக்கான இந்த ஹாஸ்பிஸில் பன்னிரண்டு படுக்கை. படுத்திருப்பவர்களில் பாதிப் பேருக்குப் பேச மூச்சே கிடையாது. எதைக் கேட்கப் போகிறாள்?

பத்தொன்பது வருஷமாக இங்கே தரை துடைக்கிறேன். 'துடைப்பதற்கு நான் இருக்கிறேன்' என்று எனக்கு யாரும் அட்டை குத்திவிடவில்லை.

ஈரத் தரையில் மூன்று தடவை நடந்தாள். மூன்று தடவையும் நுனிக்காலில். நுனிக்காலில் நடந்தால் தடம் விழாதாம்.

5 மார்ச்

இன்று பான்கேக் நாள், தவக்காலத்துக்கு முந்தின நாள். தன்னார்வலர்கள் சமையல்காரியை வெளியே அனுப்பிவிட்டுத் தாங்களே சுட்டார்கள். சுவரில் ஒட்டிய மாவைச் சுரண்டியது யார் என்று எழுதவும் வேண்டுமா?

6 மார்ச், புதன்

நாலாம் அறை லென் கார்சைடு. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஈரல் போய்விட்டது, நாக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. நான் கட்டிலுக்கு அடியில் துடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னார்:

"ஜெனிஸ், அந்த அட்டக்காரிய உள்ள விடாதம்மா. கையப் பிடிச்சுக்கிட்டு, இப்ப உங்களுக்கு எப்படி இருக்குங்குது. பசிக்குதுன்னேன். அதுக்கும் கண்ணு கலங்குது."

"சாப்பாடு கொண்டுவந்தாளா?"

"எங்க? கலங்கினதோட சரி."

சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இங்கே படுத்திருப்பவர்கள் நர்சுகளிடம் சொல்ல மாட்டார்கள், டாக்டரிடம் சொல்ல மாட்டார்கள், துடைக்கிறவளிடம் சொல்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

7 மார்ச்

ரோசலிண்டை இரண்டு தடவை திருப்பி அனுப்பினேன். "தூங்கறாரு." "குளிச்சிட்டிருக்காரு." போய்விட்டாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்க வந்தவளாம்.

9 மார்ச், சனி

வாரக் கடைசியில் இன்னும் மோசம். வேலைக்குப் போகிற தன்னார்வலர்கள் எல்லாம் இன்றுதான் வருவார்கள். நாலாம் அறை வாசலில் இன்னும் ஒருத்தி, ஐம்பது வயதிருக்கும். பச்சைக் கோட்டு, கையில் சின்னப் பூந்தொட்டி. உள்ளே போவதா வேண்டாமா என்று கதவைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அவர் யாரையும் பாக்க விரும்பலம்மா," என்றேன்.

"அவரே சொன்னாரா?"

"என்கிட்டதான் சொன்னாரு."

தொட்டியை வராந்தா ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போனாள். வைத்த இடத்தில் மண் சிந்தியிருந்தது. அதையும் துடைத்தேன்.

10 மார்ச், ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

காலையில் லென் சொன்னார், ஜன்னலைப் பார்த்தபடி: "மகளுக்கு லெட்டர் போட்டேன். ஆறு வாரமாச்சு. பதினோரு வருஷம் பேசிக்கல. வர மாட்டா. அவ என்னைய மாதிரி."

மாப்பைச் சுவரில் சாத்திவிட்டு வரவேற்பறைக்குப் போய் வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். சனிக்கிழமை, இரண்டு மணி பத்து நிமிடம், லொரேன் கார்சைடு. நல்ல உருண்டைக் கையெழுத்து.

என்ன செய்துவிட்டேன்? பேர் என்ன என்று ஒரு வார்த்தை — ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? பத்தொன்பது வருஷமாம். கர்வமாம். மூதேவி.

திரும்பிப் போய்ச் சொன்னேன். "லென், அவங்க வந்தாங்க. நான்தான் போகச் சொல்லிட்டேன்."

அவர் கத்தியிருந்தால் தேவலை. "என்ன கோட்டு போட்டிருந்தா?" என்றார்.

"பச்சை."

"அவ அம்மாவுக்கும் பச்சைதான்."

லென்னிடம் மகளின் போன் நம்பர் இல்லை, விலாசம்தான் இருந்தது. ஹல் நகரம். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பினால் திங்கள்கிழமைதான் போய்ச் சேரலாம். இருந்தவர்களில் கார் வைத்திருந்தவள் ஒருத்திதான். அவளிடம் போய் நின்றேன். பாதி சொல்வதற்குள் சாவியை எடுத்துவிட்டாள்.

வழியெல்லாம் ரோசலிண்டுக்குக் கண் கலங்கவில்லை. கையைப் பிடிக்கவுமில்லை. வளைவுகளில் மட்டும் படுமோசமாக ஓட்டினாள்.

லொரேன் கதவைத் திறந்தாள், சங்கிலியை எடுக்கவில்லை.

"அவரே சொன்னார்னு சொன்னீங்களே," என்றாள்.

"அவர் சொன்னது உங்களப் பத்தி இல்லம்மா. வேற ஒருத்தரப் பத்தி."

"யாரப் பத்தி?"

நான் கதவுச் சங்கிலியைப் பார்த்தேன்.

"என்னைப் பத்தி," என்றாள் ரோசலிண்ட்.

லொரேன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். யோசிக்கிறேன் என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

காரில் ஏறியதும் கேட்டேன், "அவர் உங்களச் சொன்னது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"புதன்கிழமையே. கதவு திறந்துதானே இருந்துச்சு, ஜெனிஸ்."

11 மார்ச்

வரவில்லை.

12 மார்ச்

வரவில்லை. லென் சவரம் செய்துவிடச் சொன்னாராம். இரண்டு நாளும்.

13 மார்ச், புதன்

வந்தாள். அரை மணி நேரத்தில், இவர் கேரவனை, அந்தச் சக்கர வீட்டை, விற்றதைப் பற்றிப் பெரிய சண்டை. பதினோரு வருஷம் கழித்து வந்து கேரவன்! "அது அம்மாவோடதுப்பா!" "ஒழுகுச்சுடி, கூரை முழுக்க ஒழுகுச்சு!" வராந்தா முழுக்கக் கேட்டது. நர்ஸ் உள்ளே போகப் பார்த்தாள், நான் வேண்டாம் என்றேன். உடனே இன்னொரு தடவை யோசித்து, போய்ப் பார் என்றேன். எனக்கென்ன தெரியும்?

சாயங்காலம் லென் கஸ்டர்டு ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டார்.

15 மார்ச், வெள்ளி

விடிகாலையில் லென் போய்விட்டார். லொரேன் பக்கத்தில்தான் இருந்தாளாம். பத்து மணிக்கு அறையைத் துடைத்தேன். எப்போதும் எடுக்கிற நேரத்தைவிடக் கூடுதலாக ஆனது.

18 மார்ச்

நிர்வாகி கில்லியனிடம் நானே போய்ச் சொன்னேன். எழுத்தில் ஓர் எச்சரிக்கை. அந்தக் கடிதத்தில் 'எல்லை' என்ற சொல் ஐந்து தடவை. எல்லையாம். அந்த அம்மாள் ஒரு தடவையாவது நாலாம் அறைக்குள் எட்டிப் பார்த்திருப்பாளா? இருந்தாலும் கையெழுத்துப் போட்டேன். தப்பு என்னுடையதுதான்.

30 மார்ச், சனி

புதிய தன்னார்வலர்களுக்குப் பயிற்சி வகுப்பு. நீங்களும் பேசுங்கள் என்று ரோசலிண்ட் ஒரு வாரமாகப் பின்னாலேயே சுற்றினாள். போனேன். பதினாலு பேர், எல்லோர் மடியிலும் புது நோட்டு. ஈரத் தரையைப் பற்றிப் பேசத்தான் நினைத்திருந்தேன். லொரேனைப் பற்றிச் சொன்னேன். முழுக்க.

ஒருத்தரும் எழுதவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முடிந்ததும் பதினாலு பேரும் பிஸ்கட் மேஜைக்குப் போய்விட்டார்கள். நாற்காலி அடுக்க ஒரு கை வரவில்லை. ரோசலிண்ட் மட்டும் வந்தாள். எல்லாவற்றையும் தப்பாக அடுக்கினாள். விட்டுவிட்டேன்.