கோழிகள் பார்த்த மூலை

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். கொட்டகைச் சாவி ஆணியில் இருக்கிறது. கோழி டாக்டர் நாலு மணிக்கு வருவார்.

காலையில், மருந்துக்குப் பதிலாகப் பூண்டும் மஞ்சளும் கலந்த நம் தீவனத்தைத்தான் வைத்தேன். ஒரு கோழிகூடத் தொடவில்லை. சத்தமே இல்லை. அத்தனையும் தூண் மூலையையே பார்த்துக்கொண்டு நின்றன. போய் அங்கே கிடந்த சாக்கை விலக்கினால் ஆன்டிபயாடிக் டப்பா, பாதி காலி! "இனிமே தீவனத்துல மருந்தே கலக்க மாட்டேன், பாப்பா மேல சத்தியம்" என்றீர்களே. நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

டப்பாவை உங்கள் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். டாக்டரிடமாவது உண்மையைச் சொல்லுங்கள். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

செருப்பு மாட்டியவள் திரும்பி வந்து இதை எழுதுகிறேன்: இப்போது கோழிகள் எல்லாம் கம்பி வலையோரம் வந்து, நம் வீட்டையே பார்த்துக்கொண்டு நிற்கின்றன.